யூத வெறுப்பைக் கண்டிப்பது நம்ம வேலையா?

சென்னை வாசகர் ஒருவரின் கேள்வி, 2025 ஜூன் 3

"கொலராடோவில் ஊர்வலம் போன யூதர்கள் மேல் பெட்ரோல் குண்டு வீசினான் என்று இரண்டு நாளாக ஒரே செய்தி. காஸாவில் தினமும் பிள்ளைகள் சாகிறார்கள். அதற்கு வராத கண்ணீர் இதற்கு மட்டும் எங்கிருந்து வருகிறது? யூத வெறுப்பு, யூத வெறுப்பு என்று கத்துவதே இஸ்ரேலைக் கேள்வி கேட்பவன் வாயை அடைக்கத்தான். அப்படியே நிஜமாக இருந்தாலும் அது அமெரிக்காக்காரன் பாடு. தமிழன் இதில் குரல் கொடுத்து என்ன ஆகப்போகிறது?"

ஜூன் 3, இரவு

கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்கிறேன். நான் அமெரிக்காவில், பிட்ஸ்பர்க் நகரின் ஸ்குவிரல் ஹில்லில் குடியிருக்கிறேன். யூதர்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் பேட்டை. கார்னகி மெலனில் படிக்க வந்து அப்படியே தங்கிவிட்ட நம்ம ஆட்களும் நிறைய. 2018 அக்டோபர் 27, சனிக்கிழமை, காலை பத்து மணிக்குச் சற்று முன்னால், இங்கே ட்ரீ ஆஃப் லைஃப் ஜெப ஆலயத்துக்குள் ஒருவன் துப்பாக்கியோடு நுழைந்தான். அந்த ஒரே கட்டடத்தில் மூன்று சபைகள் தொழுகை நடத்தி வந்தன. 11 பேர் செத்தார்கள். மூத்தவருக்கு 97 வயது, எல்லாரிலும் இளையவருக்கே 54. நேரத்துக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிடுகிறவர்கள் எந்தக் கோயிலிலும் வயசானவர்கள்தானே.

ஏன் சுட்டான் என்பதுதான் இங்கே விஷயம். அந்த மூன்று சபைகளில் ஒன்றான தோர் ஹதாஷ், ஹயாஸ் என்ற யூத அமைப்போடு சேர்ந்து அகதிகளுக்காக ஒரு சிறப்புத் தொழுகை நடத்தியிருந்தது. ரஷ்யாவிலிருந்து தப்பி வந்த யூதர்களைக் கரை சேர்க்க நூறு வருஷத்துக்கும் முன்னால் தொடங்கிய அமைப்பு அது. இப்போது எந்த மதத்து அகதிக்கும் உதவுகிறது. உள்ளே நுழைவதற்குச் சற்று முன் அவன் இணையத்தில் எழுதிவிட்டுப் போனது இதைப் பற்றித்தான்: இவர்கள் நாட்டுக்குள் படையெடுப்பாளர்களை இறக்குகிறார்கள் என்று.

யார் அந்தப் படையெடுப்பாளர்? சிரியாக்காரன், ஹோண்டுராஸ்காரன், பூட்டானிலிருந்து விரட்டப்பட்ட நேபாளி. பிட்ஸ்பர்க்கில் பூட்டான் நேபாளிகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களைக் குடியமர்த்தியதில் இந்தப் பேட்டையின் யூதக் குடும்ப நல அமைப்புக்குப் பெரிய பங்கு உண்டு. பக்கத்தில் நிறுத்தினால் என்னையும் அவர்களையும் அவனுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. நம் நிறத்து ஆட்களை உள்ளே விடுகிறார்கள் என்ற கோபத்தில்தான் அந்தக் கிழவர்களைச் சுட்டான். இதைத் தெரிந்துகொண்டும் "அமெரிக்காக்காரன் பாடு" என்றால், சரி, உங்கள் இஷ்டம்.

2024 டிசம்பரில் சென்னையில் பிறந்த ஸ்ரீராம் கிருஷ்ணனை ஏஐ ஆலோசகர் என்று ட்ரம்ப் அறிவித்ததும் இந்தியர்கள் மேல் எக்ஸ் தளத்தில் கொட்டிய வசவை எத்தனை பேர் படித்தீர்கள்? பிட்ஸ்பர்க்கில் சுட்டவன் கோர்ட்டில் தண்டனை வாங்கிப் போய்விட்டான், அவன் பாட்டை வேறு ஆட்கள் பாடுகிறார்கள்.

ஜூன் 4, காலை

நேற்று எழுதியதில் காஸா இல்லையே என்று மூன்று பேர். எழுதுகிறேன். காஸா சுகாதார அமைச்சகக் கணக்குப்படி 54,000 பேருக்கு மேல் செத்திருக்கிறார்கள். கொடுமை. நெதன்யாகு அரசைத் திட்டுவது யூத வெறுப்பு கிடையாது. 2023 அக்டோபர் 18 அன்று போரை நிறுத்தச் சொல்லி வாஷிங்டனில் நாடாளுமன்ற அலுவலகக் கட்டடத்துக்குள் உட்கார்ந்து சுமார் 300 பேர் கைதானார்கள். அந்தப் போராட்டத்தை நடத்தியதே யூத அமைப்புகள்.

கொலராடோவில், போல்டர் நகரில் எரிக்கப்பட்டவர்கள் யார்? ஹமாஸ் பிடித்துப்போன பணயக்கைதிகளை விடச் சொல்லி வாராவாரம் அமைதியாக நடந்து போனவர்கள். அவர்களில் ஒருவரும் நெதன்யாகு மந்திரிசபையில் இல்லை.

ஜூன் 4, இரவு

ஒருவர் "எங்கே இருக்கிறது தமிழில் யூத வெறுப்பு? நான் ஒரு யூதனைக்கூடப் பார்த்ததில்லையே" என்கிறார். யூதனைப் பார்க்காமலே வருவதுதான் இந்த நோயின் விசேஷம். என் ப்ளஸ் டூ பேட்ச் வாட்ஸ்அப் குரூப்பில் நடந்ததைச் சொல்கிறேன்.

காலையில் ஒரு முருகர் படம், அடுத்தது மூட்டுவலிக்கு முடக்கத்தான் கீரை, அதற்குக் கீழே ஹிட்லர். பழுப்பு நிறப் படம், மஞ்சள் எழுத்து. "நான் நினைத்திருந்தால் எல்லா யூதர்களையும் கொன்றிருக்க முடியும். சிலரை விட்டுவைத்தேன், நான் ஏன் கொன்றேன் என்று உலகம் தெரிந்துகொள்ள." அடியில் ஒரு தம்ஸ்-அப், இரண்டு தீ. "தலைவன் தீர்க்கதரிசிடா" என்று ஒரு பதில்.

போட்டவன் கெட்டவனா என்றால், இல்லவே இல்லை. என் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் ஃப்ளைட் பிடித்து வந்து சேரும் வரை ராத்திரி வராண்டாவில் உட்கார்ந்திருந்தவன் அவன். அதனால்தான் கை தயங்கியது. முதலில் ஒரு நீளக் கட்டுரையே அடித்தேன், ஆஷ்விட்ஸ் வதைமுகாம், கொல்லப்பட்ட 60 லட்சம் யூதர்கள் எல்லாம் போட்டு. அழித்துவிட்டேன். குரூப்பில் எவன் படிப்பான்? கடைசியில் போட்டது இவ்வளவுதான்: "மாப்ள, ஹிட்லர் இப்படி எங்கேயும் பேசினதாவோ எழுதினதாவோ ஒரு ஆதாரமும் கிடையாது. அப்படியே சொல்லியிருந்தாலும் அதுக்கு எப்படிடா கை தட்டுற? என் தெருவுல 11 பேரை இதே கணக்குச் சொல்லித்தான் கொன்னான்."

வந்த பதில்கள்: "எப்ப மாப்ள யூதனா மாறுன?" அப்புறம் ஒருவன் காஸா படங்களை வரிசையாக இறக்கினான். இன்னொருவன், "அரசியல் வேண்டாம் ஃப்ரெண்ட்ஸ்." ஹிட்லர் படம் போட்டபோது அவனுக்கு அது அரசியலாகத் தெரியவில்லை, பதில் வந்ததும் தெரிந்துவிட்டது. போட்டவன் மட்டும் ராத்திரி தனியாக மெசேஜ் பண்ணினான்: "படிக்க கெத்தா இருந்துச்சு, அதான் போட்டேன். நீ இருக்கிற ஏரியான்னு தெரியாதுடா." படத்தை எடுக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்த மாதிரி ஒன்று அவனிடமிருந்து வரவில்லை. எனக்கு அது போதும்.

இதே ஹிட்லர்தான், இந்தியாவை வேறு எவன் கையில் பார்ப்பதையும்விட ஆங்கிலேயன் கையில் பார்ப்பதே மேல் என்று தன் புத்தகத்தில் எழுதிவைத்தவர். அந்தப் புத்தகத்தைத்தான் நம்ம ஊர் நடைபாதையில் தன்னம்பிக்கை நூல்களுக்குப் பக்கத்தில் அடுக்கி வைக்கிறார்கள்.

ஜூன் 5

"இலுமினாட்டியை ஏன் விட்டுவிட்டீர்கள்?" என்று கேட்ட தஞ்சாவூர் தம்பிக்கு: விடவில்லை, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன்.

பவேரியாவில் 1776இல் ஆடம் வைஸ்ஹாப்ட் என்ற பேராசிரியர் ஆரம்பித்த ரகசியச் சங்கம் அது. பத்து வருஷத்துக்குள் அரசு தடை போட்டு முடித்துவிட்டது. யூதருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் பின்னால் கதை கட்டியவர்கள் இரண்டையும் ஒட்டிவிட்டார்கள். நம்ம யூட்யூபில் சினிமா போஸ்டரில் முக்கோணம் தேடும் வீடியோக்கள் சிரிக்க வைக்கும், நானும் பார்த்துச் சிரித்திருக்கிறேன். ஆனால் பத்தாவது நிமிடத்துக்குள் ராத்ஸ்சைல்ட் என்ற யூத வங்கிக் குடும்பத்துக்காரர் வந்துவிடுவார் பாருங்கள். உலக வங்கி அவர் கையில், மருந்து கம்பெனி அவர் கையில், கொரோனா அவர் வேலை. முக்கோணத்தில் ஆரம்பித்துப் "பதின்மூன்று குடும்பம்" வழியாக "யூதன்" என்ற இடத்தில் வண்டி நிற்கும்.

அந்தத் தடம் போட்டது 1903. ரஷ்யாவில் ஒரு பத்திரிகை, உலகத்தைப் பிடிக்க யூதப் பெரியவர்கள் கூடிப் பேசிய ரகசியக் குறிப்புகள் என்று ஒன்றைத் தொடராக வெளியிட்டது. பச்சைப் பொய். 1864இல் மூன்றாம் நெப்போலியனை நக்கலடித்து மோரிஸ் ஜோலி எழுதிய பிரெஞ்சுப் புத்தகத்திலிருந்து பத்தி பத்தியாகச் சுட்டது. அந்த மூலத்தில் யூதர் பேச்சே கிடையாது. 1921இல் லண்டன் டைம்ஸ் இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டிவிட்டது. அதோடு செத்திருக்க வேண்டும். ஆனால் அதே சமயம் அமெரிக்காவில் கார் முதலாளி ஹென்றி ஃபோர்ட் தன் பத்திரிகையில் அதை விரித்து விரித்து எழுத வைத்துக்கொண்டிருந்தார். 1927இல் மன்னிப்புக் கேட்டார், அதற்குள் சரக்கு ஜெர்மனி போய்ச் சேர்ந்துவிட்டது.

"வீடியோ பார்த்து எவனும் கொலை பண்ண மாட்டான்" என்று அடுத்து வரும். பண்ண மாட்டான்தான், கோடியில் ஒருவன் தவிர.

ஜூன் 7

யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் 1983 கலவரத்தில் தன் குடும்பம் பட்டதை எழுதியிருக்கிறார். 1983 ஜூலை 23 இரவு யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் கண்ணிவெடித் தாக்குதலில் 13 சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். அதற்கு மறுநாள் முதல் கொழும்பில் எரிந்தது யார் கடை? வெள்ளவத்தையில் கடை வைத்திருந்தவருக்கும் கண்ணிவெடிக்கும் என்ன தொடர்பு? வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக வந்தார்கள். "உங்க ஆக்கள் அங்க செய்ததுக்கு நீங்க இங்க அனுபவியுங்கோ" என்ற நியாயத்தில் தன் மாமாவின் கடை போனது என்கிறார் அவர்.

இதற்கு மேல் நான் விளக்க என்ன இருக்கிறது? இஸ்ரேல் ராணுவம் செய்ததற்கு பிட்ஸ்பர்க் கிழவியிடம் கணக்குக் கேட்பது அதே நியாயம்தான். இந்த நியாயத்தின் வாசனை தெரிந்த இனம் உலகத்தில் ஒன்று உண்டென்றால் அது நாம்தான். அதனால்தான் நம்மவர்களே "அவங்களுக்கு வேணும்" என்று எழுதும்போது எனக்குக் கூடுதலாகக் கோபம் வருகிறது.

ஜூன் 7, சற்றுப் பிறகு

"மொசாட் எவ்வளவு கொடுத்தது?" என்று கேட்டவருக்கு: இன்னும் வரவில்லை. வந்தால் முதலில் காருக்குப் புது டயர்.

ஜூன் 10

புள்ளிவிவரம் கேட்டார்கள். அமெரிக்காவில் யூதர் நூற்றுக்கு இரண்டு பேர் என்ற அளவுதான். எஃப்பிஐ 2023 கணக்கில், யூதர் என்பதற்காக நடந்த வெறுப்புக் குற்றச் சம்பவங்கள் 1,832. முந்தைய வருஷம் 1,100 சொச்சம். மதத்தின் பேரில் நடந்த குற்றங்களில் மூன்றில் இரண்டு பங்கு இவர்கள் மேல்தான் விழுகிறது.

ஏடிஎல் என்ற யூத அமைப்பின் கணக்கு இன்னும் பெரியது, 2024க்கு 9,354. இதை நான் அப்படியே வீசமாட்டேன். அவர்கள் எண்ணும் முறை வேறு. குற்றமாகப் பதிவாகாததும் அதில் வரும், சில போராட்டக் கோஷங்களும் வரும். அந்த 9,354இல் பாதிக்கு மேல் இஸ்ரேல் தொடர்பான அம்சம் கொண்டவை என்று அவர்களே சொல்கிறார்கள். எந்தக் கோஷம் வெறுப்பு, எது அரசியல் என்பதில் யூதர்களுக்குள்ளேயே அடிதடி. ஐஎச்ஆர்ஏ என்ற, யூதப் படுகொலை நினைவுக்கான சர்வதேச அமைப்பு எது யூத வெறுப்பு என்று 2016இல் ஏற்றுக்கொண்ட வரையறையை எழுதியதில் முக்கியமானவர் கென்னத் ஸ்டர்ன். அதைப் பல்கலைக்கழகத்தில் பேச்சை அடக்கும் ஆயுதமாக்காதீர்கள் என்று இப்போது ஊர் ஊராகச் சொல்பவரும் அவரேதான்.

ஆக, முதல் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. இஸ்ரேலைக் கேட்பவன் வாயை அடைக்க இந்தக் குற்றச்சாட்டைச் சிலர் பயன்படுத்துகிறார்கள், உண்மை. காஸாவுக்காகப் போராடிய வெளிநாட்டு மாணவர்களைப் பிடித்து நாடு கடத்தப் பார்க்கும் ட்ரம்ப் அரசாங்கம், யூதர் பாதுகாப்பு என்ற பெயரில்தான் அதைச் செய்கிறது. பாதுகாக்கப்படுகிற யூதர்களில் பலருக்கே அது பிடிக்கவில்லை. ஆனால் ஒருவன் பொய் வழக்குப் போடுகிறான் என்பதற்காக ஊரில் திருட்டே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஏடிஎல் கணக்கை முழுதாகக் கிழித்துப் போட்டாலும் எஃப்பிஐயின் 1,832 அப்படியே நிற்கிறது.

ஜூன் 15

"குரல் கொடுப்பது என்றால் என்னதான் செய்வது, மெழுகுவர்த்தியா?" கிண்டலாகக் கேட்டாலும் நல்ல கேள்வி. இங்கே பார்த்ததைச் சொல்கிறேன்.

2018இல் அன்று சாயங்காலமே ஃபோர்ப்ஸ், மர்ரி சந்திப்பில் ஆயிரக்கணக்கான பேர் கூடினார்கள். கூட்டியது ஆல்டர்டைஸ் ஹைஸ்கூல் பிள்ளைகள். குளிர், ஈரம். நான் ஓரமாக நின்றேன், எனக்கு அங்கே என்ன இடம் என்று தெரியாமல். பக்கத்தில் நின்ற பெண் ஒன்றும் கேட்காமல் ஒரு மெழுகுவர்த்தியை நீட்டினாள், அடியில் காகிதக் கப் செருகியிருந்தது. மெழுகுவர்த்தி எதையும் மாற்றாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மறுநாள் காலை எதிர்வீட்டு யூதப் பாட்டியைப் பார்த்தபோது "நேற்று உன்னைப் பார்த்தேன்" என்றார். அவ்வளவு பேரில்!

அந்த வாரம் முஸ்லிம் அமைப்புகள் இணையத்தில் 2 லட்சம் டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்தன. அடுத்த மார்ச்சில் நியூசிலாந்து கிறைஸ்ட்சர்ச்சில் மசூதிகளுக்குள் 51 பேரைச் சுட்டுக் கொன்றபோது இந்த ஊர் யூதர்கள் அவர்களுக்கு நிதி திரட்டினார்கள். பிட்ஸ்பர்க் போஸ்ட்-கெஸட் ஒருநாள் முதல் பக்கத் தலைப்பாக, இறந்தவர்களுக்குச் சொல்லும் பிரார்த்தனையின் முதல் வரியை எபிரேய எழுத்திலேயே போட்டது. வாசகர்களில் பெரும்பாலோருக்கு ஒரு எழுத்தும் படிக்க வராது. தெரிந்துதான் போட்டார்கள்.

2023 அக்டோபர் ஏழுக்குப் பிறகு வேறு மாதிரி. அன்று இஸ்ரேலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள். பாட்டியின் அக்கா பேரன் அங்கே இருக்கிறான். விசாரிக்க வந்தவர்கள் குறைவு. வந்தவர்களும் முதலில் அவர் எந்தக் கட்சி என்று தெரிந்துகொண்டுதான் உட்கார்ந்தார்கள் என்பார். "2018இல் என்னை யாரும் பரீட்சை வைக்கவில்லை." பாட்டிக்கு நெதன்யாகுவைக் கண்டாலே ஆகாது, அது வேறு விஷயம். அவர் வீட்டு வாசல் நிலையில் சாய்வாக ஒரு சின்ன உறை பதித்திருக்கும், உள்ளே வேத வரிகள் எழுதிய தோல் சுருள். அதைக் கழற்றி உள்ளே மாட்டச் சொல்லி மகன் ஃபோனில் சண்டை போட்டான். கழற்றவில்லை. போன வருஷம் இந்தப் பேட்டையில் யூதக் கட்டடங்களின் சுவரில் யாரோ பெயிண்ட் அடித்துவிட்டுப் போனபோது மறுபடி சண்டை. அப்போதும் கழற்றவில்லை.

நான் செய்தது? குரூப்பில் அந்த மூன்று வரி. ஆபீஸில் ஒருவன் "வால் ஸ்ட்ரீட்டே அவங்க ஆளுங்க" என்று ஆரம்பித்தபோது "யாருங்க?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். பதில் சொல்ல அவன் பட்ட பாடு பார்க்கணும். இதைத்தான் நான் எல்லாருக்கும் சிபாரிசு செய்வேன். கூட்டம் போட்டுப் பேசுவதைவிட, நம்ம ஆள் நம்மிடம் சொல்லும்போது அந்த நிமிடத்திலேயே கேட்டுவிடுவது. பிட்ஸ்பர்க் மேயர் சொன்னால் என் பேட்ச்மேட் கேட்பானா?

ஜூன் 22

மதுரைக்காரர் "இந்தியாவில் இது நடக்கவே இல்லை, நாம் யூதரை வாழவைத்த நாடு" என்கிறார். முதல் பாதி தப்பு. 2008 நவம்பர் மும்பைத் தாக்குதலில் தாஜ் ஹோட்டல், சிஎஸ்டி ரயில் நிலையம் எல்லாம் ஞாபகம் இருக்கும். நரிமன் ஹவுஸ் ஞாபகம் இருக்கிறதா? கொலாபாவில் ஒரு சந்துக்குள் இருக்கும் யூத விடுதி. அத்தனை பெரிய ஊரில் அதைத் தேடிக் குறித்துக்கொண்டு வந்தார்கள். ரப்பி என்கிற யூத மத குரு, அவர் மனைவி உட்பட ஆறு பேர் அங்கே கொல்லப்பட்டார்கள். அவர்களின் இரண்டு வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவந்தவர் சான்ட்ரா சாமுவேல், அந்த வீட்டில் வேலை செய்த இந்தியப் பெண்.

இரண்டாவது பாதி பெருமளவு சரிதான். கொடுங்கல்லூரில் ஜோசப் ரப்பானுக்குச் சேர மன்னன் கொடுத்த செப்பேடு வட்டெழுத்தில் இருக்கிறது. சென்னை பவழக்காரத் தெரு வழியாகப் போகிறவர்கள், அந்தப் பவழ வணிகத்தில் யூதர்களும் இருந்தார்கள் என்று நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். லாயிட்ஸ் ரோட்டில் சின்னதாக ஒரு யூதக் கல்லறைத் தோட்டமும் உண்டு. ஆனால் ஆள் இல்லாத ஊரில் வெறுப்பு இல்லை என்று மார்தட்டுவதில் என்ன இருக்கிறது? சென்னையில் நாளைக்கு நூறு யூதக் குடும்பம் குடி வந்தால், அந்த மஞ்சள் எழுத்துப் படத்தை ஃபார்வர்ட் செய்த கை என்ன செய்யும் என்பதுதான் எனக்குச் சந்தேகம்.

ஜூலை 1

போல்டரில் தீக்காயம் பட்ட ஒரு அம்மா இறந்துவிட்டார். 82 வயது. கேஸ் இப்போது கொலைக் கேஸ்.

முதல் கேள்வி கேட்ட சென்னை நண்பர் தனியாக எழுதினார். மனம் மாறவில்லை, மாறவேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. "அந்த அம்மா சாகவேண்டியதில்லை. ஆனால் காஸா பற்றிக் கேட்டதை வாபஸ் வாங்க மாட்டேன்" என்றார். வாங்கவே வேண்டாம் சார். முதல் வாக்கியத்தைத் தனி வாக்கியமாக, "ஆனால்" வருவதற்கு முன் முற்றுப்புள்ளி வைத்து எழுதினீர்களே, ஒரு மாதமாக நான் கேட்டது அவ்வளவுதான்.

ஜூலை 6

நியூ ஜெர்சியிலிருந்து ஒருவர், பக்கத்து ஜெப ஆலயத்துக்கு ஒருநாள் போய்விட்டு வரலாம் என்றிருக்கிறார், என்ன முறை என்று கேட்கிறார். முன்கூட்டியே ஆபீஸுக்கு ஒரு மெயில் போட்டு விடுங்கள், யார், எதற்கு என்று. சொல்லாமல் பையோடு போய் நிற்காதீர்கள். வாசலில் காவலுக்கு ஆள் இருப்பார், கேள்வி கேட்பார், அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் பார்த்ததை நாம் பார்க்கவில்லை. ஆண்களுக்குத் தலைக்குத் தொப்பி பெரும்பாலும் வாசலிலேயே பெட்டியில் இருக்கும். சனிக்கிழமை என்றால் ஃபோனை வெளியே எடுக்க வேண்டாம், ஃபோட்டோ கண்டிப்பாகக் கூடாது. எழுந்தால் எழுந்து, உட்கார்ந்தால் உட்கார்ந்தால் போதும், நம்ம கோயிலில் முதல்முறை வரும் வெள்ளைக்காரர் செய்கிற மாதிரி.

முடிந்ததும் பல இடங்களில் சாப்பிட அழைப்பார்கள். சைவக்காரர்கள் பயப்பட வேண்டாம், யூத உணவு முறையைக் கடைப்பிடிக்கும் இடங்களில் பாலையும் இறைச்சியையும் ஒரே வேளையில் கலப்பதில்லை, மேஜையில் சீஸ் இருந்தால் இறைச்சி இருக்காது. மீன் இருக்கலாம், ஊறவைத்த ஹெர்ரிங் பார்க்க நம்ம மாங்காய் ஊறுகாய் மாதிரியே இருக்கும், கேட்டுவிட்டு எடுங்கள். அமெரிக்க மளிகைக் கடையில் பிஸ்கட்டைத் திருப்பித் திருப்பிப் படித்துக் கண் நோகும் மாமிகளுக்கும் இதே கணக்குத்தான்: வட்டத்துக்குள் யூ எழுத்து என்றால் யூத உணவு முறைப்படி செய்தது என்ற முத்திரை, பக்கத்தில் டி இருந்தால் பால் சேர்ந்தது அல்லது பால் பட்ட இயந்திரத்தில் செய்தது, இறைச்சி இல்லை. முட்டை, மீன், ஜெலட்டின் போன்றவற்றுக்கு இது உத்தரவாதம் இல்லை. அவற்றைத் தனியாகப் படித்துத்தான் ஆக வேண்டும்.